அருங்காட்சியகக் காப்பாட்சியராக இருந்தவரின் சொந்தக் காகிதங்களை எடைக்குப் போடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். பெரியப்பா எழுதிய கப்பல் வரலாற்றுப் புத்தகங்கள்தான் அச்சில் இருக்கின்றனவே, நோட்டுகளும் கடிதங்களும் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் இடம் இருக்காது, புரிகிறது. ஆனால் புத்தகத்தில் இருப்பது அவர் வந்து சேர்ந்த முடிவு மட்டும். எதை நேரில் பார்த்தார், எதை ஊகித்தார் என்பது நோட்டில்தான் இருக்கும்.

அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் சம்பளமில்லாமல் பெட்டி பிரித்து அடுக்கிக் கொடுத்தவன் நான். காலமான ஒரு காப்பாட்சியரின் காகிதங்கள் அங்கே வந்தன. மையில் வரைந்த படகு வரைபடங்களை வைத்துக்கொண்டு பென்சில் நோட்டுகளைக் கழித்துவிடச் சொன்னார்கள். ஒரு நோட்டைப் பிரித்தால், சிப்பி அள்ளும் பழைய படகு ஒன்றின் அளவுகள், 2-3-5 என்று வரிசை வரிசையாக. அதாவது 2 அடி, 3 அங்குலம், அதற்கு மேல் 5 அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) அங்குலம். படகின் பின்பக்கத்துக்கு வந்ததும் எண்கள் நின்றுவிடுகின்றன, ஓரத்தில் ‘பலகை மக்கிவிட்டது, இனி ஊகம்’ என்று ஒரு குறிப்பு. மை வரைபடத்திலோ முன்னும் பின்னும் ஒரே அழுத்தமான கோடு! அதைப் பார்த்துப் படகு கட்டுகிறவருக்கு எது அளந்தது, எது ஊகம் என்று எப்படித் தெரியும்? சண்டை போட்டுத்தான் அந்த நோட்டுகளைக் காப்பாற்றினோம்.

ஒரே ஒருவரை வைத்துப் பேசுகிறாயே என்பீர்கள். சரி, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 1957-ல் காப்பாட்சியராகச் சேர்ந்த கப்பல் வரலாற்றாசிரியர் ஹோவர்ட் சாப்பெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய படகுகளின் வரைபடத்துக்கு இன்றும் அவரிடம்தான் போகிறோம். ஆனால் ஆதாரத்தைச் சரியாகக் குறிப்பிடவில்லை என்ற குறை அவர்மேலும் உண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் நிற்கும் கான்ஸ்டெல்லேஷன் 1797-ல் கட்டிய போர்க்கப்பல் என்று ஊரே நம்பியபோது, இது 1854-ல் புதிதாகக் கட்டியது என்று வாதாடியவரும் அவரே. அவர் 1975-ல் காலமானார். 1991-ல் வந்த அமெரிக்கக் கடற்படை ஆய்வறிக்கை அவர் சொன்னதுதான் சரி என்றது, எதிர்த்தரப்பு நம்பியிருந்த சில ஆவணங்கள் போலி என்றும் காட்டியது. மூலக் காகிதங்கள் இருந்ததால்தானே அதைச் சோதிக்க முடிந்தது?

இப்படி ஆதாரத்தைக் கேட்டால் நம் ஆட்களுக்குக் கோபம் வருகிறது. வாட்ஸாப்பில் சோழர் கப்பல் என்று ஒரு படம் சுற்றுகிறது, எந்தக் கல்வெட்டு, எந்தச் சிற்பம் என்று கேட்டால் உடனே தமிழ்த் துரோகி. ராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பு மெய்க்கீர்த்தியிலேயே இருக்கிறது, அதை நான் மறுக்கவே இல்லை. படத்துக்கு ஆதாரம் கேட்டேன், அவ்வளவுதான்.

அப்புறம், ஸ்கேன் எடுத்துவிட்டுத் தூக்கிப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். மங்கிய பென்சில் பல நேரம் ஸ்கேனில் சரியாக விழாது, தாளின் பின்பக்கத்தைப் பலர் எடுப்பதும் இல்லை. பெரியப்பா கட்டிவைத்த கட்டுகளைப் பிரித்துத் தேதிவாரியாக அடுக்கவும் வேண்டாம், எது எதோடு இருந்தது என்பதே ஒரு தகவல். துருப்பிடிக்கும் குண்டூசிகளை மட்டும் மெதுவாக எடுத்துவிட்டு, ஈரமும் கரையானும் அண்டாத இடத்தில் வையுங்கள்.