மான் கறி

அன்புள்ள ஆசிரியருக்கு,

இறந்தவர்கள் எழுந்து மனிதரைக் கடித்துத் தின்னும் கொள்ளைநோயைப் பற்றிய 'கிங்டம்' கொரியத் தொடரின் இரண்டு சீசன்களையும் பார்த்து முடித்தேன். இளவரசர் லீ சாங் உயிரைப் பணயம் வைத்து நாட்டைக் காப்பாற்றிவிட்டு, தனக்கு உரிய அரியணையை ரத்த உறவே இல்லாத ஒரு கைக்குழந்தைக்கு விட்டுக்கொடுத்துப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. இது தியாகமா, பொறுப்பைத் தட்டிக்கழிப்பதா? மருத்துவப் பெண் சோபிக்கும் அவருக்கும் இடையே ஒரு காதல் இருந்திருந்தால் முடிவு நிறைவாக இருந்திருக்கும் என்றும் தோன்றியது. இன்னொன்று. எல்லோரும் அமைச்சர் சோ ஹாக்ஜூவைத்தான் கொடியவர் என்கிறார்கள். என்னைக் கேட்டால், பிணத்தை வெட்டி, மான் கறி என்று பொய் சொல்லி நோயாளிகளுக்குச் சமைத்துப் போட்ட யோங்ஷின்தான் முதல் குற்றவாளி. அவனால்தான் கொள்ளைநோய் பரவுகிறது. கடைசிவரை அவனுக்குத் தண்டனையே இல்லையே, ஏன்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போர்க்காலப் பஞ்சங்களைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லையென்றால் தொடர்கள் குறித்த கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை.

அரியணைக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். லீ சாங் ஆசைநாயகிக்குப் பிறந்தவர். அவருடைய சிற்றன்னையான அரசி அவரைவிட வயதில் இளையவர். அவளுக்கு ஆண் குழந்தை பிறந்துவிட்டால் இவருடைய உயிருக்கே உத்தரவாதமில்லை. இது கற்பனையில் மட்டும் நிகழ்ந்த ஒன்றல்ல. கொரியாவின் பழைய அரசான ஜோசோனில் 1575இல் பிறந்த குவாங்ஹே இளவரசரும் ஆசைநாயகியின் மகன்தான். அவருடைய சிற்றன்னையான இன்மோக் அரசி 1584இல் பிறந்தவர். அந்த அரசிக்கு 1606இல் ஒரு மகன் பிறந்தான். குவாங்ஹே 1608இல் அரசரானார், அந்தச் சிறுவன் 1614இல் காங்ஹ்வா தீவில் சிறையிருந்தபோது கொல்லப்பட்டான், அந்தப் பழியும் சேர்ந்துகொள்ள 1623இல் குவாங்ஹே பதவியிழந்தார். லீ சாங்குக்கு முன்னாலும் அதே கணக்குதான் வைக்கப்படுகிறது: அரசராக வேண்டுமென்றால் அந்தக் குழந்தை உயிரோடு இருக்கக் கூடாது. அதுவோ அவருடைய மெய்க்காவலன் மூயோங்கின் மனைவியிடமிருந்து அரசி பறித்துக்கொண்ட பிள்ளை. அதன் கழுத்தில் வைக்க வேண்டிய வாளை உறையில் போட்டுவிட்டு வெளியேறியவரைப் பார்த்துப் பொறுப்பைத் தட்டிக்கழித்தவர் என்கிறீர்கள். இந்த முடிவில் எனக்கு ஒரே ஒரு மனக்குறைதான் உண்டு. அவர் இறந்துவிட்டதாகப் பொய்யாகப் பதிவு செய்யச் சொல்கிறார்; 1404இல் குதிரையிலிருந்து விழுந்த தேஜோங் அரசர், இது ஆவணக்காரருக்குத் தெரிய வேண்டாம் என்று சொன்னதையும் அந்த ஆவணக்காரர்களே சேர்த்து எழுதிவைத்த ஒரு மரபில், அத்தனை பெரிய பொய் அவ்வளவு எளிதாக ஏறிவிடுமா என்று தெரியவில்லை.

காதலைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. பிணங்களுக்கு நடுவே உட்கார்ந்து நோயின் போக்கைக் குறித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை, அந்த வேலையைச் செய்ய விட்டதே இந்தத் தொடரின் பெருமை.

என்னைக் கோபப்படுத்தியது உங்கள் மூன்றாவது விஷயம்.

அந்தக் காட்சியை மறுபடியும் போட்டுப் பாருங்கள். பனி உறைந்து கிடக்கும் தோங்னே என்ற தென்கரை ஊரில் ஜியுல்ஹொன் என்கிற ஏழைகளின் மருத்துவ இல்லம். மருந்தும் இல்லை, தானியமும் இல்லை. காட்டில் ஏதாவது கிடைக்குமா என்று தேடிப்போன சோபி திரும்பி வரும்போது, நோயாளிகள் எல்லோரும் கிண்ணத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நெடுநாள் கழித்து இறைச்சியைக் கண்டவர்களின் முகம் அது. எங்கிருந்து கிடைத்தது என்று துருவித் துருவிக் கேட்கும் நிலையில் அங்கே ஒருவரும் இல்லை. அரசரைப் பார்க்கத் தலைநகருக்குப் போன மருத்துவர், அங்கே அரசரால் கடிபட்டு இறந்த தன் உதவியாளனின் உடலைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார் என்பதும், அந்த உடலில் என்ன இருந்தது என்பதும் யோங்ஷினுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், நாளைக் காலையில் இவர்களில் பாதிப்பேர் எழுந்திருக்க மாட்டார்கள் என்பதுதான்.

இதைக் கதாசிரியர் கிம் உன்ஹீயின் பயங்கரக் கற்பனை என்று நினைத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது. தொடரில் கற்பனை என்பது இறந்தவரை எழுப்பும் அந்த ஊதாப்பூச் செடி மட்டும்தான். அந்தப் பானை ஆவணத்தில் இருக்கிறது. 1592இல் ஜப்பானியப் படை இதே தோங்னே வழியாக உள்ளே நுழைந்தது. வயல்கள் எரிந்தன, உழுதவர்கள் சிதறினார்கள், மிச்சமிருந்த தானியம் சொந்தப் படைக்கும் உதவிக்கு வந்த சீனாவின் மிங் படைக்கும் போயிற்று. 1594ஆம் ஆண்டின் முதல் மாதத்தில், அதிகாரிகளைக் கண்காணிக்கும் துறையான சாஹொன்பு சொன்ஜோ அரசரிடம் வைத்த முறையீடு அரசக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது: பஞ்சம் முற்றி மக்கள் மனித இறைச்சியைத் தின்கிறார்கள், அதை விந்தையாகக்கூட நினைப்பதில்லை, தெருவோரம் கிடக்கும் பிணங்களில் சதை மிஞ்சுவதில்லை. சரி, இதற்கு அவர்கள் கேட்ட பரிகாரம் என்ன தெரியுமா? பொறுப்பான அதிகாரிகளை விசாரிக்க வேண்டும். காவல் தலைவர்களை அனுப்பி இந்தப் பழக்கத்தை அடியோடு தடைசெய்ய வேண்டும். அரசரும் ஒப்புக்கொண்டார்.

நானூறு ஆண்டுகள் கழித்து உங்கள் கடிதமும் அதையேதான் கேட்கிறது.

நீங்கள் பார்க்காமல் விட்டதைச் சொல்கிறேன். தொடரில் மனித உடல் இரண்டு இடங்களில் உண்ணப்படுகிறது. முதல் இடம் அரண்மனை. செத்த அரசரைச் செடியால் எழுப்பிச் சங்கிலியில் கட்டிவைத்து, தன் மகளான அரசிக்கு ஆண் குழந்தை பிறக்கும்வரை ஆட்சியைக் கையில் வைத்திருக்க அமைச்சர் திட்டமிடுகிறார். அரசரிடம் சிக்கி இறந்த பணியாட்களின் உடல்கள் பின்தோட்டத்துக் குளத்துக்குள் போகின்றன. அங்கே சமையலும் இல்லை, பசியும் இல்லை, அரசாங்க ஏற்பாடு மட்டும்தான் இருக்கிறது. இரண்டாவது இடம் ஜியுல்ஹொன். முதல் இடத்திலிருந்து வெளியேறிய ஒரே ஒரு உடல்தான் அங்கே பானைக்குள் விழுந்தது. இதில் யோங்ஷின் மட்டும் உங்கள் கண்ணில் பட்டதற்குக் காரணம், அவன் கையில் கத்தி இருந்ததும் அமைச்சர் கையில் முத்திரை இருந்ததும்தான் என்று நான் சந்தேகிக்கிறேன்.

பரவியதற்கு அவன்தான் காரணம் என்கிறீர்கள். அதையும் பார்ப்போம். விடிந்ததும் பிணங்களை எரிக்க வேண்டும் என்று இளவரசர் கத்துகிறார். யாங்பான் என்ற உயர்குடிக் குடும்பங்கள் மறுக்கின்றன. பெற்றோர் தந்த உடலுக்கு ஊறு செய்யக் கூடாது என்பது அவர்கள் நெறி. குடியானவர்களின் பிணங்களுக்கு மட்டும் அந்த நெறியைத் தளர்த்திக்கொள்கிறார்கள். பிறகு அதிகாரிகளும் செல்வர்களும் துறைமுகத்தில் இருந்த கப்பலில் ஏறிக்கொண்டு, ஊர்மக்களைக் கரையில் விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். அந்தக் கப்பலில் ஒரு சீமாட்டி தன் மகனின் உடலைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். இரவில் பெட்டி திறக்கிறது. தோங்னேயைத் தாண்டி நோயைக் கொண்டுபோனது அந்தப் பெட்டிதான். அந்தத் தாயை நீங்கள் குற்றவாளி என்று எழுதவில்லை. எழுத வேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன். பிள்ளையின் உடலை நெருப்பில் போட மனம் வராதவளின் துயரம் உங்களுக்குப் புரிந்திருக்கிறது. அது நல்ல மனம்தான். அந்த மனத்தில் ஒரு பங்கைப் பசித்தவர்களுக்கும் ஒதுக்குங்கள் என்பதற்காகவே இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

யோங்ஷின் எங்கிருந்து வந்தவன் என்பதும் இரண்டாவது சீசனில் சொல்லப்படுகிறது. சுமாங் என்ற ஊரின் நோயாளிகளைக் கொன்று, செடியால் எழுப்பி, ஜப்பானியர் மீது ஏவியவர் சோ ஹாக்ஜூ. நல்லவர் என்று நாம் மதிக்கும் தளபதி ஆன் ஹியோனும் அதற்கு உடன்பட்டவர். அந்த ஊரில் தன் குடும்பத்தை இழந்தவன் அவன். அவனுக்குத் தண்டனை இல்லையே என்று கேட்கிறீர்கள், தண்டனை முன்கூட்டியே கொடுக்கப்பட்டுவிட்டது.

2021இல் வந்த 'வடக்கின் ஆஷின்' என்ற தனிப் படத்தையும் பாருங்கள். அதில் வரும் பெண் தெரிந்தே, திட்டமிட்டே, அந்தச் செடியை ஒரு படைமுகாமுக்குள் கொண்டுபோகிறாள். யோங்ஷினைக் குற்றவாளி என்ற நீங்கள் அவளை என்ன சொல்வீர்கள் என்று அறிய எனக்கு உண்மையிலேயே ஆவலாக இருக்கிறது. பார்த்தபின் எழுதுங்கள்.

அன்புடன்.