பிளானில் பெரிதாகத் தெரிந்த ஹால், கட்டியபின் ஏன் அடைசலாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிளான் என்பது சுவர்களைச் சுமார் நாலடி உயரத்தில் கிடையாக வெட்டி மேலிருந்து பார்க்கும் படம். நீள அகலம் தெரியும். கூரை உயரமும் வெளிச்சமும் தெரியாது. மனசுக்குப் படுவதோ அந்த இரண்டும்தான்.

உங்கள் ஊர் மார்த்தாண்டம் என்கிறீர்கள், அப்படியானால் பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு நடை போய் வாருங்கள் (நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும் பராமரிப்பது கேரள அரசு). அங்கே மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையை பிளானில் வரைந்தால் வெறும் செவ்வகம். உள்ளே போனால் மரச்சட்டங்களின் இடுக்கிலும் வண்ண மைக்கா ஜன்னலிலும் வடிகட்டி வரும் வெயில், கறுத்துப் பளபளக்கும் தரை. பேச்சு தன்னாலே தணிந்துவிடும்.

சரி, அடுத்தமுறை இன்ஜினியரிடம் செக்‌ஷன் கேளுங்கள், அதாவது செங்குத்தாக வெட்டிய படம். அதில் ஆள் உருவம் ஒன்றையும் சாயங்கால வெயில் விழும் கோணத்தையும் போடச் சொல்லுங்கள். 3டி படத்தை மட்டும் நம்பாதீர்கள். அகலக் கோணத்தில் பத்தடி அறையும் கல்யாண மண்டபம்தான்.