ஏற்காடு இறக்கத்தில் வரும் கருகல் வாசம்

கேள்வி: நாகலூர் பக்கம் சின்னதாகக் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். 2018 மாடல் டீசல் பிக்கப் ஓட்டுகிறேன். காப்பி, மிளகு மூட்டைகளைச் சேலம் லீ பஜாருக்கு இறக்குவேன். திரும்பும்போது உரமும் சிமெண்டும் ஏற்றி வருவேன். இப்போது ஏற்றத்தில் இழுப்பு குறைந்துவிட்டது. லோடு தாங்கட்டும் என்று போன வருடம் பின்பக்க ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டேன். அதிலிருந்து அடிவாரம் வந்து சேரும்போது முன் சக்கரத்தில் கருகல் வாசம் வருகிறது. இன்ஜின் பவரைக் கூட்டும் சிப் போட்டு, பெரிய டயரும் மாட்டலாம் என்று இருக்கிறேன். சின்ன வேலைகளை வீட்டிலேயே பார்த்துக்கொள்வேன். உங்கள் யோசனை என்ன?

பதில்: சிப்பும் டயரும் இருக்கட்டும். எனக்குத் திக்கென்றது அந்தக் கருகல் வாசத்தைப் படித்தபோதுதான். அதைச் சரிசெய்யாமல் அடுத்த லோடு ஏற்றாதீர்கள்.

நீங்கள் போட்ட பட்டைக்கும் இந்த வாசத்துக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம். வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பியும், அதன் முனையில் ஒரு வால்வும் இருக்கும். லோடு சென்சிங் வால்வு என்பார்கள். லோடு ஏறினால் பாடி தாழும், கம்பி நகரும், பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் போகும். காலியாக இருந்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கக்கூடாது என்று அழுத்தத்தைக் குறைத்துவிடும். கூடுதல் பட்டை போட்டதும் என்ன ஆகிறது? ஒரு டன் ஏற்றினாலும் பாடி முன்பு போலத் தாழ்வதில்லை. வண்டி காலி என்றே அந்த வால்வு நினைத்துக்கொள்கிறது. பின் பிரேக் அரைகுறையாகப் பிடிக்க, மொத்தப் பாரத்தையும் முன் டிஸ்க்குகள் சுமக்கின்றன. பேட் கருகுகிறது.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குப் போடுவோம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். லோடோடு மூன்று டன் எடை அங்கிருந்து அடிவாரம் வரை, தோராயமாக 1,100 மீட்டர் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் முழுவதும் சூடாக மாறினால் 100 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். டயர் உரசலிலும் காற்றிலும் கொஞ்சம் கழியும். மிச்சத்தை இன்ஜின் பிடிக்க வேண்டும், அல்லது பிரேக் பிடிக்க வேண்டும். அதனால்தான் எந்த கியரில் ஏறுகிறீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். இன்ஜினை அணைத்து இறக்குவது அதைவிட மோசம். பிரேக்குக்குத் துணை செய்யும் வேக்கம் போய்விடும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும்.

பிரேக் ஆயிலை கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஏற்காட்டு மூடுபனியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டாட் 3 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறிய பிறகு அதே அளவு 140 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகும், பெடல் தரையைத் தொடும். என் பட்டறைக்கு ஒருமுறை ஆரஞ்சு லோடு வண்டி ஒன்றை இழுத்து வந்தார்கள். வளைவில் பெடல் அமுங்கிப்போய், டிரைவர் மலைப்பக்கம் சாய்த்து நிறுத்தியிருக்கிறார். பிரேக் ஆயிலை வடிக்கும் நிப்பிளைத் திறந்தால் டிகாக்‌ஷன் நிறத்தில் ஆயில் வந்தது. அந்தப் பையன் உயிரோடு வந்ததே பெரிது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மூடியில் எந்த டாட் எண் போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். இந்த வேலையையும், வால்வை அட்ஜஸ்ட் செய்வதையும் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். பழகிய மெக்கானிக்கிடம் விடுங்கள். முடிந்தால் அந்த இரண்டு பட்டையையும் கழற்றச் சொல்லுங்கள். பட்டை போட்டதால் ஆர்.சி.யில் உள்ள எடை கூடிவிடாது. அதிக லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில் அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது.

இனி இழுப்பு. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. சேலத்தில் கிடைப்பதைவிடப் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலாகவே குறையும். சிப் செய்வது பெரும்பாலும் கூடுதல் டீசலை ஊற்றுவதுதான். கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக ஏறும்போது ரேடியேட்டருக்குக் காற்றோட்டமும் குறைவு. கரும்புகை, இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போவுக்குச் சூடு, கிளட்சுக்குக் கேடு. பெரிய டயர் போட்டால் கியர் பெரிதானது போல ஆகி, இருக்கிற இழுப்பும் போய்விடும். நான் இரண்டையும் செய்யமாட்டேன்.

இழுப்பு எங்கே போனது என்று நீங்களே தேடலாம். ஏர் ஃபில்டரை வெயிலில் பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஓஸைக் கையால் தடவுங்கள். கிளிப் பக்கத்தில் எண்ணெய்க் கசிவோடு தூசி அப்பியிருந்தால் அங்கே காற்று தப்புகிறது. புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வில் கரி அடைத்தாலும் இழுப்பு போகும். சுத்தம் செய்யச் சொல்லுங்கள், தகடு வைத்து அடைக்கச் சொல்லாதீர்கள்.

டீசல் ஃபில்டரில் தண்ணீர் வடிப்பதை மட்டும் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். காலையில், வண்டியை எடுக்கும் முன், ஃபில்டருக்கு அடியில் ஒரு கண்ணாடி பாட்டிலைப் பிடியுங்கள். கீழே உள்ள திருகை இரண்டு சுற்று தளர்த்துங்கள். முதலில் வருவது அடியில் முத்து முத்தாக உருண்டு நின்றால் அது தண்ணீர், மேலே மிதப்பது டீசல். வெறும் டீசல் வரும்வரை விட்டுத் திருகை மூடுங்கள். ஹேண்ட் பம்பைக் கெட்டியாகும்வரை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பாதி டேங்கோடு பனியில் நிறுத்தினால் உள்ளே காற்றிலுள்ள ஈரம் நீராகும். சேலத்தில் டேங்கை நிரப்பிவிட்டு மலை ஏறுவது இதற்கு நல்லது.

கூலன்ட் குறைந்தால் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். உங்கள் ஊர் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டருக்குள் அதைக் கொதிக்காமல் பிடித்து வைப்பது மூடியின் அழுத்தம். அந்த மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் புதியது போடுங்கள். விலை அற்பம். சூடாக இருக்கும்போது மட்டும் திறக்கவே கூடாது. மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு நிமிடம் இன்ஜினை ஐடிலில் விட்டு அணைத்தால் டர்போ பேரிங்கில் எண்ணெய் கருகாது.

பிரேக் வேலை முடிந்ததும் முதலில் காலியாக ஒருமுறை, அடுத்து அரை லோடில் ஒருமுறை இறங்குங்கள். அடிவாரத்தில் நிறுத்தி, சக்கரத்தைத் தொடாமல் ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ளங்கையைக் காட்டுங்கள். முன் இரண்டும் தங்களுக்குள் ஒரே சூடு, பின் இரண்டும் தங்களுக்குள் ஒரே சூடு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாகத் தகித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின் இரண்டும் வெதுவெதுப்பே இல்லாமல் இருந்தால் வால்வு இன்னும் சரியாகவில்லை. மெக்கானிக்கிடம் திரும்பக் கொண்டுபோங்கள்.