ஷாக்வேவுக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: எனக்கு வயது 49. எட்டு வருடமாக சுகர். ஒரு வருடமாக விறைப்பு சரியாக வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை. மாத்திரை இரண்டு தடவை போட்டும் பலனில்லை. ஷாக்வேவ் 12 சிட்டிங், ஒன்றேகால் லட்சம், நிரந்தரமாகக் குணமாகும் என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: பணம் கட்டிவிட்டீர்களா? இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள்.

ஷாக் என்றதும் கரண்ட் வைப்பார்களா என்று பயந்துகொண்டு கேட்பவர்கள் உண்டு. கரண்ட் இல்லை, ஒலி அலை. சிறுநீரகக் கல்லை வெளியிலிருந்தே உடைக்க 1980-ல் ஜெர்மனியில் ஆரம்பித்தார்களே, அதே சங்கதிதான், அலையின் சக்தி மட்டும் ரொம்பக் குறைவு. ஜெல் தடவி கருவியின் முனையை ஆணுறுப்பில் வைத்தால் டக் டக் என்று சத்தம் கேட்கும், லேசாகச் சுண்டுகிற மாதிரி இருக்கும், மயக்க மருந்து தேவையில்லை, முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். அந்த அதிர்வில் புது ரத்தக்குழாய்கள் முளைக்கும் என்பது கணக்கு. இஸ்ரேல் மருத்துவர்கள் 20 பேருக்குச் செய்து பார்த்து 2010-ல் எழுதினார்கள். அதற்கப்புறம் வந்த ஆய்வுகள் ஒன்றுபோலப் பேசவில்லை. ரத்த ஓட்டக் குறைவால் வரும் லேசான பிரச்சினைக்கு ஓரளவு உதவலாம், அந்தப் பலனும் நாளாக ஆகக் குறையலாம். அமெரிக்க யூராலஜி சங்கம் 2018-ல் இதை ஆராய்ச்சி நிலையில்தான் வைத்தது. நிரந்தரம் என்றவரிடம் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று, என்ன மெஷின் என்று கேளுங்கள். குதிகால் வலிக்கு பிசியோதெரபியில் தட்டுவார்களே, காற்றழுத்தத்தில் ஓடும் ரேடியல் கருவி, அதையே ஷாக்வேவ் என்று சொல்லி இதற்கும் வைக்கிற இடங்கள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றல்ல.

மாத்திரை கேட்கவில்லை என்கிறீர்கள். எப்படிப் போட்டீர்கள்? வயிறு நிறைய பிரியாணி சாப்பிட்டுவிட்டு சில்டெனாபில் (வயாக்ராவில் இருக்கும் மருந்து) போட்டு, பத்து நிமிடத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று திரும்பிப் படுத்துக்கொள்பவர்கள் அதிகம். கொழுப்புச் சாப்பாட்டோடு அது மெதுவாகத்தான் ஏறும்; ஒரு மணி நேரமாவது விட வேண்டும், ஆசையும் தூண்டுதலும் இல்லாமல் தானாக வேலை செய்யாது. இரண்டு தடவையோடு கைவிடுவதும் சீக்கிரம்.

என் கவலை வேறு. ஆணுறுப்பு ரத்தக்குழாய் இதயக் குழாயைவிடச் சின்னது, அடைப்பு இங்கேதான் முதலில் தெரியும், சில வருடம் கழித்து நெஞ்சில் தெரியலாம். எட்டு வருட சுகருக்கு இது முக்கியம். மூன்று மாத சராசரி சுகர், கொழுப்பு, பிரஷர், காலையில் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன், ஈசிஜி எல்லாம் பார்த்துவிட்டு ஒரு யூராலஜிஸ்ட்டிடம் போங்கள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கிற நைட்ரேட் மாத்திரை ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் சில்டெனாபிலைத் தொடவே வேண்டாம், பிரஷர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.