கடன் கழுத்தை நெரிக்கிறதா? கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: மூன்று கிரெடிட் கார்டுக்கும் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். பாக்கி குறையவே இல்லையே, ஏன்?

பதில்: எப்படிக் குறையும்? மாத வட்டி 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி 100 என்றால் நீங்கள் கட்டும் 5-இல் 3 வட்டிக்கே போய்விடும். இப்படியே ஒரு வருடம் ஓட்டினால் கிட்டத்தட்ட 54 கட்டியிருப்பீர்கள், பாக்கி இன்னும் 78 நிற்கும், அதுவும் கார்டை மறுபடி தேய்க்காமல் இருந்தால்தான். மற்ற கார்டுகளுக்குக் குறைந்தபட்சம் மட்டும் கட்டிவிட்டு, மிச்சம் பிடிக்கிற பணம் முழுவதையும் வட்டி அதிகமான கார்டில் போடுங்கள். அது முடிந்ததும் அதே தொகை அடுத்த கார்டுக்கு.

கேள்வி: சின்னக் கடனை முதலில் முடிக்கச் சொல்கிறார்களே?

பதில்: கணக்குப்படி கொஞ்சம் நஷ்டம். ஒன்று முடிந்த தெம்பு வேண்டும் என்றால் சரி, செய்யுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் ஒரே கடனாக மாற்றினால் தவணை பாதியாகும் என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: தவணை எதனால் குறைகிறது என்று பாருங்கள். வட்டி குறைந்ததால் என்றால் நல்லது. வருடங்களை நீட்டியதால் என்றால் மொத்தத்தில் கூடுதலாகத்தான் கட்ட வேண்டி வரும். அதற்கு வீட்டை அடமானம் கேட்டால் நான் வேண்டாம் என்பேன். கார்டு கடனுக்குப் பொதுவாக ஈடு கிடையாது, அதைக் கொண்டுபோய் வீட்டின் மேல் ஏற்றினால் தவணை தவறும்போது வீடே போகலாம்.

கேள்வி: வேலை போய்விட்டது அக்கா. அடுத்த தவணை கட்ட முடியாது, போனை எடுக்கவே பயமாக இருக்கிறது.

பதில்: கடன் கொடுத்தவர்கள் கூப்பிடும்வரை காத்திருக்காமல் நீங்களே இன்றைக்கே கூப்பிடுங்கள், தவணை தவறுவதற்கு முன்னால் பேசினால்தான் வழி அதிகம். தவணையைத் தள்ளிவைக்க முடியுமா, காலத்தை நீட்ட முடியுமா, அபராதத்தை விட்டுக்கொடுப்பார்களா என்று கேளுங்கள். தள்ளிவைத்த மாதங்களுக்கும் பெரும்பாலும் வட்டி ஓடும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒத்துக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். போனில் மிரட்டுகிறார்களே என்று கட்ட முடியாத தொகைக்குத் தலையாட்டிவிடாதீர்கள். வாடகை, சாப்பாடு, மருந்து, மின்சாரம் போக மிஞ்சுவதுதான் கார்டுக்கு.

கேள்வி: முன்பணம் கொடுத்தால் பாதித் தொகையில் கடனை முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். கடன் கொடுத்தவர்களிடம் அவர் பேசப்போவதை நீங்களே பேசலாம்.

கேள்வி: திவால் அறிவித்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா? அதற்கு முன் சொத்தை மனைவி பெயருக்கு மாற்றலாமா?

பதில்: எல்லாம் தீராது. ஈடு வைத்த பொருளின் மேல் கடன் கொடுத்தவரின் உரிமை அப்படியே இருக்கும். உங்களுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டவரிடம் வசூலுக்குப் போவார்கள், அந்த மனிதருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொத்தை மாற்றுவது கூடவே கூடாது. பழைய பத்திரப் பதிவுகளைத் தோண்டிப் பார்ப்பார்கள், அந்த மாற்றத்தை நீதிமன்றம் ரத்து செய்ய முடியும், கிடைக்கவேண்டிய நிவாரணமும் கைவிட்டுப் போகலாம். எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் திவால் வழக்குகள் நடத்தும் வக்கீல் ஒருவரைப் பாருங்கள்.