பீரங்கிப் புகைக்கு நடுவே ஒரு ஓவியர்

கேள்வி: பாய்மரக் காலத்துக் கடற்போர்களை வரைந்தவர்கள் அவற்றை நேரில் கண்டார்களா, கரையில் அமர்ந்து கற்பனையாக வரைந்தார்களா? (வாசகர், காரைக்குடி)

பதில்: கரையை விட்டு அசையாதவர்களே மிகுதி. ஆனால் 1611-இல் லைடன் நகரில் பிறந்த டச்சு ஓவியர் மூத்த வில்லெம் வான் டெ வெல்டே அந்த ரகம் அல்லர். ஆங்கிலேயரோடு 1653-இல் நெதர்லாந்துக் கரையருகே நடந்த ஸ்கெவெனிங்கன் போரையும், 1666-இல் நடந்த நான்கு நாள் போரையும், டச்சுக் கடற்படையுடன் சென்ற சிறு பாய்க்கப்பலில் இருந்தபடியே அவர் காகிதத்தில் பதிவுசெய்தார். அணிவகுப்பு ஒரு தாளில் அடங்காதபோது தாள்களை ஒட்டி நீட்டிக்கொண்டார். பென்சிலால் விரைந்து கோடிட்டு, நீர்க்கக் கரைத்த சாம்பல் நிறம் பூசிய அந்தத் தாள்களில் கப்பலின் பின்புறச் சிற்பவேலைகூடத் தெரியும். ஸ்கெவெனிங்கன் போரைப் பற்றிப் பின்னர் வெண்பூச்சுப் பரப்பில் மைக்கோடுகளாலேயே தீட்டிய படத்தில், படகில் அமர்ந்து வரையும் தம்மையும் முன்பகுதியில் சேர்த்துக்கொண்டார். நேரில் கண்டவன் என்பதற்கு அதைவிடச் சாமர்த்தியமான கையொப்பம் இருக்க முடியாது.

வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தின் தோல்விகளையும் வரைந்த இவரை, 1672-73 குளிர்காலத்தில் மகனோடு அங்கு குடிபெயர்ந்ததும், அரசர் இரண்டாம் சார்லஸ் பணியில் அமர்த்திக்கொண்டார். 1674-ஆம் ஆண்டு ஆணைப்படி, கடற்போர்களின் கோட்டுப்படங்களை வரையத் தந்தைக்கும், அவற்றுக்கு வண்ணம் கொடுக்க இளைய வில்லெமுக்கும் ஆண்டுக்கு 100 பவுண்டு வீதம் ஊதியம். பட்டறை லண்டனை அடுத்த கிரீனிச்சில் உள்ள அரசியார் மாளிகையில். கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருவரின் கோட்டுப்படங்கள் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன.