பழைய உபுண்டு மடிக்கணினியில் ஹோம் அசிஸ்டன்ட் நிறுவலாமா?

யாழ்ப்பாணத்து வீட்டின் கிணற்றுப் பம்பியையும் விறாந்தை விளக்கையும் இயக்குவதற்கு, மடிக்கணினியிலுள்ள உபுண்டு இயங்குதளத்தை அழிக்காமல், வீட்டுச் சாதனங்களைக் கட்டுப்படுத்தும் மென்பொருளான ஹோம் அசிஸ்டன்டை நிறுவ முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், டொக்கர் கொள்கலனாக, அதாவது மற்ற மென்பொருள்களிலிருந்து பிரித்துத் தனிப் பொதியாக இயங்கும்படி நிறுவுவதே பொருத்தமானது.

அமைப்புக் கோப்புகளுக்கென வன்தட்டிலுள்ள ஒரு கோப்புறையைக் கொள்கலனோடு இணைக்காவிட்டால், புதிய பதிப்புக்காகக் கொள்கலனை மாற்றும் அன்றே நீங்கள் செய்துவைத்த அனைத்தும் அழிந்துவிடும். வலையமைப்பை 'ஹோஸ்ட்' முறையில், அதாவது கணினியின் வலையமைப்பையே கொள்கலனும் நேரடியாகப் பயன்படுத்தும்படி வையுங்கள். இல்லையேல் வைஃபை ஆளிகள் பலவற்றை ஹோம் அசிஸ்டன்ட் தானாகக் கண்டுபிடிக்காது. நேர வலயம் 'ஏசியா/கொழும்பு'. மறுதொடக்கக் கட்டளையையும் சேர்த்தால், கணினி மீண்டும் இயங்கும்போது கொள்கலனும் தானே எழும்பும்.

பின்னர் உலாவியில் கணினியின் ஐபி முகவரியோடு 8123 என்ற துறை எண்ணை இட்டுத் திறக்கலாம். மூடியை மூடினால் மடிக்கணினி உறங்கிவிடும் என்பதால் அந்த அமைப்பை முதலில் மாற்றுங்கள். மின்தடையின்போது மடிக்கணினியை அதன் மின்கலம் சற்று நேரம் தாங்கும், ரவுட்டரை அல்ல!